வேலை கொடுத்தவரைக் கௌரவிக்க முன் பார்க்க வேண்டியவை

டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். அன்று வட இலங்கையின் வன்னியில் ஏதாவதொரு பிரதேச செயலக மண்டபத்தில் பொன்னாடை போர்ப்பார்கள். ஒக்டோபர் 1 முதியோர் தினத்திலும் அப்படித்தான். மேடைக்கு அழைக்கப்படுபவர் யாரென்று பார்த்தால் சக்கரநாற்காலி வாங்கித் தந்தவர், உலருணவுப் பொதி கொடுத்தவர், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர், அன்றைய மதியச் சாப்பாட்டைப் பொறுப்பெடுத்த கடைக்காரர். ஒரு காலை இழந்தவரைத் தராசடியில் இருத்தி, மாதம் தவறாமல் சம்பளம் கொடுத்து வரும் அரிசி ஆலை முதலாளியின் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பது அபூர்வம். அவர் தானாக வந்து கேட்கவும் மாட்டார்.

நன்கொடையாளர்களில் குறை இல்லை, அவர்களுக்கு வேறு மேடை இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள், வயது போனவர்கள், முன்னாள் போராளிகள் ஆகியோருக்கு வேலை கொடுத்த முதலாளிமாரைக் கௌரவிப்பதென்று ஒரு சங்கமோ பிரதேச செயலகமோ வணிகர் சங்கமோ முடிவெடுத்தால், முதலில் கேட்க வேண்டியது: அந்த ஆளின் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் விண்ணப்பத்தை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது, எவ்வளவு காலமாக? ஆளை எடுக்க ஒரு நாள் போதும். புகைப்படமும் அன்றே எடுத்துவிடலாம். பதினாலாம் மாதத்திலும் அந்த ஆள் வேலைக்கு வருகிறாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. போருக்குப் பின் வந்த பல திட்டங்களில் முதல் ஆறு மாதச் சம்பளத்தைத் தொண்டு நிறுவனம் கொடுக்கும், பிறகு முதலாளி பொறுப்பெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. திட்டப் பணம் நின்ற அடுத்த மாதமே வேலையும் நின்ற இடங்கள் உண்டு. ஆகவே காலத்தை எண்ணும்போது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணாமல், வெளிப்பணம் நின்ற நாளிலிருந்து எண்ணுங்கள். அதன் பிறகு முழுதாக 12 மாதம் வேண்டும்.

வெளிநாட்டு முன்மாதிரிகளை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடமளிக்கும் முதலாளிமாருக்கென்று 2016இல் தொடங்கிய ‘டிசெபிலிற்றி கொன்ஃபிடன்ற்’ திட்டத்தில் மூன்று படிகள் உண்டு. முதல் இரண்டு படிகளையும் நிறுவனமே தன்னைத்தான் மதிப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாற்றுத்திறனாளிகூட வேலையில் இல்லாமல் அந்தச் சின்னத்தை வாசலில் ஒட்டலாம் என்பதுதான் அதன்மேல் அங்கேயே விழுந்த பெரிய விமர்சனம். சுயமதிப்பீட்டுப் படிவம் என்ற யோசனையை இதைக் கேட்டதோடு கைவிடுவது நல்லது. மற்றது, முன்னாள் படையினரை வேலைக்கு எடுப்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அமெரிக்கத் தொழில் திணைக்களம் கொடுக்கும் பதக்கம். எத்தனை பேரைப் புதிதாக எடுத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் நின்றார்கள் என்ற கணக்கு அதில் உண்டு. இது எடுத்துக்கொள்ளத் தக்கது. ஆனால் அங்கே 50 பேர் வரை சிறிய நிறுவனம், 51 முதல் 499 வரை நடுத்தரம், 500உம் அதற்கு மேலும் பெரியது. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் ஆடைத் தொழிற்சாலைகள் போன்ற சில இடங்களைத் தவிர ஏறத்தாழ எல்லாமே ‘சிறியது’ என்ற ஒரே பெட்டிக்குள் விழும். புதுக்குடியிருப்புச் சந்தியில் மூன்று பேர் வேலை செய்யும் சைக்கிள் கடையும் நாற்பது பேர் வேலை செய்யும் ஆலையும் ஒன்றோடொன்று போட்டி போட வேண்டி வரும்.

இங்கே பொருந்துவது நான்கு பேர் வரை ஒரு வகை, ஐந்து முதல் 14 வரை ஒரு வகை, 15உம் அதற்கு மேலும் ஒரு வகை. 15 என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. பணிக்கொடைச் சட்டமும், 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டமும் 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களைத்தான் கட்டுப்படுத்துகின்றன. அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர் சட்டப்படி செய்ய வேண்டியதை, கீழே இருப்பவர் தன் விருப்பத்தில் செய்கிறார். இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது. விழுக்காட்டுக் கணக்கும் தனியாகப் பயன்படாது. மூன்று பேர் உள்ள கடையில் ஒருவர் என்றால் 33 விழுக்காடு, 800 பேர் உள்ள தொழிற்சாலையில் 16 பேர் என்றால் 2 விழுக்காடுதான். பதினாறு குடும்பத்தில் அடுப்பெரிவது சின்ன விஷயமில்லை. வகைகளைப் பிரித்துவிட்டால் இந்தச் சண்டை வராது.

யாரைக் கணக்கில் எடுப்பது

வயதிலிருந்து தொடங்கலாம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில் குறைந்தபட்ச ஓய்வு வயது இப்போது 60. 58 வயதுக்காரரை வைத்திருக்கிறோம் என்று அப்படியொரு நிறுவனம் விண்ணப்பித்தால், அது சட்டத்தைக் கடைப்பிடிக்கிறது என்பதற்கு மேல் எதுவுமில்லை. தெரிவுக்கான புள்ளி 60க்குப் பிறகு தொடங்கட்டும். அல்லது 45 வயதுக்கு மேற்பட்ட ஒருவரைப் புதிதாக எடுத்திருந்தால் கொடுக்கலாம், உண்மையில் அதுதான் இங்கே அரிது. நிறுவனத்தின் கடைசி மூன்று ஆட்சேர்ப்பு விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். ‘வயது 18 – 35’ என்று போட்டுவிட்டு முதியோருக்கு வேலை கொடுப்பதாக விண்ணப்பிப்பவரிடம் அந்த விளம்பரத்தையே காட்டிக் கேட்கலாம். இன்னொன்றும் உண்டு. ஆண்கள் 55இலும் பெண்கள் 50இலும் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதியை எடுத்துவிடலாம் என்பதால், ‘அவர் காசு எடுத்திட்டார், இனிக் கட்டத் தேவையில்லை’ என்று பங்களிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அது பிழை. வேலை தொடர்ந்தால், புதிதாகச் சேர்ந்தாலும்தான், பங்களிப்பும் கட்ட வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் விடயத்தில் தனியார் துறைக்குக் கட்டாய ஒதுக்கீடு இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆட்சேர்ப்பில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது, அவ்வளவுதான். அரச துறையில் 3 விழுக்காடு வெற்றிடங்களை ஒதுக்கும்படி 1988இலேயே பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆகவே அரச அலுவலகங்களைத் தனியார் கடைகளோடு சேர்த்துப் போட்டியில் விட வேண்டாம். கடமையில் பாதியைச் செய்ததற்கு ஒரு திணைக்களத்துக்குக் கேடயம் கொடுத்தால், கடமையே இல்லாமல் செய்தவர் மனம் விட்டுப் போவார்.

வன்னியில் இந்தப் பிரிவுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. அறுபதைத் தாண்டியவர், ஒரு கை இல்லாதவர், முன்னாள் போராளி, மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். அந்த ஒருவரை மூன்று இடத்தில் எழுதி மூன்று புள்ளி கேட்கும் விண்ணப்பங்கள் வரும். ஒரு ஆளுக்கு ஒரு எண்ணிக்கை என்பதை அறிவித்தலிலேயே போட்டுவிடுங்கள்.

எப்போதும் விடுபட்டுப் போகும் கூட்டம் ஒன்றும் உண்டு. தையல் கடையோ சைக்கிள் திருத்தும் கடையோ வைத்து, தன்னைப் போன்ற இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் மாற்றுத்திறனாளிகளே அவர்கள். பிரதேச செயலகக் கோப்பில் இவர் ‘பயனாளி’ என்று இருப்பார். முதலாளி என்ற பட்டியலில் யாரும் தேடுவதில்லை. சமூக சேவை உத்தியோகத்தரிடம் சுயதொழில் உதவி பெற்றவர்களின் பட்டியலைக் கேட்டு, அதில் இப்போது ஆள் வைத்து நடத்துபவர் யார் என்று விசாரித்தால் இவர்கள் அகப்படுவார்கள்.

முன்னாள் போராளிகள்: எண்ணாமல் மதிப்பது

அமெரிக்க முன்னாள் படையினரிடம் படையில் இருந்ததைக் காட்டும் ஆவணம் இருக்கும். அங்கே அது பெருமை, சட்டைப்பையில் வைத்துத் திரிவார்கள். இங்கே 2009இல் போர் முடிந்த பிறகு ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு பெற்று வெளியே வந்தார்கள். அவர்களுக்கும் கடிதம் இருக்கிறது, ஆனால் வேலை கேட்டுப் போகும்போது அதைக் கொண்டுபோக விரும்புபவர் குறைவு. ‘உங்களிடம் எத்தனை முன்னாள் போராளிகள் வேலை செய்கிறார்கள், பெயர், அடையாள அட்டை இலக்கம்’ என்று ஒரு படிவம் அனுப்பினால் அந்தப் படிவமே கெடுதல் செய்யும். நிரப்பிய தாள் எங்கெல்லாம் போகும் என்று முதலாளிக்கும் தெரியாது, தெரிவுக் குழுவுக்கும் தெரியாது. விசாரணை என்று யாராவது கடைக்கு வந்துபோனால் அடுத்த மாதம் அந்த ஆளுக்கு வேலை இருக்குமோ தெரியாது.

அதனால் இந்தப் பிரிவுக்குத் தனிப் பெயரே வைக்காமல் ‘போரால் பாதிக்கப்பட்டோர்’ என்ற பரந்த வகைக்குள் கொண்டுவருவது பாதுகாப்பு. உறவுகளை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களும் அதற்குள் வருவார்கள். படிவத்தில் பெயர் கேட்க வேண்டாம், புனர்வாழ்வுக் கடிதம் கேட்கவே வேண்டாம். தகவல் வேலை செய்பவரின் பக்கமிருந்து, அவர் விரும்பினால் மட்டும், வாய்வழியாக வரட்டும். குழுவில் இரண்டு பேர் கேட்டு, இருவரும் உறுதிப்படுத்தினால் புள்ளித் தாளில் ‘உண்டு’ என்று ஒரு சொல் போதும். மேடையில் அவர்களை நிறுத்துவதும், ‘இவர் முன்னர்…’ என்று ஒலிவாங்கியில் தொடங்குவதும் அறவே கூடாது. அறிவிப்பாளருக்கு இதை முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும், மேடையில் உணர்ச்சி வசப்படுபவர்கள் அவர்கள்தான்.

இந்தப் பிரிவில் நல்ல முதலாளியை அடையாளம் காண ஒரு கேள்வி உதவும். யாராவது வந்து அந்த ஆளைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லுவீர்கள்? ‘வேலைக்கு வாறார், வேலை செய்யிறார், போறார், வேறொண்டும் எனக்குத் தெரியாது’ என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு எடுப்பவர் தேறியவர். சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் முன்னாள் போராளிகளைச் சம்பளத்துக்கு எடுத்தது. அது அரச நியமனம், இந்தக் கணக்குக்குள் வராது.

காசுத் தாள்கள்

ஊழியர் சேமலாப நிதி ரசீதில் ஏமாற்றுவது கஷ்டம். எல்லாரும் ஈபிஎஃப் என்று சொல்வது அதைத்தான். தொழிலாளியின் சம்பளத்தில் 8 விழுக்காடு, முதலாளி 12 விழுக்காடு. இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 விழுக்காடு. 40,000 ரூபா சம்பளம் என்றால் தொழிலாளியிடம் 3,200 கழிபடும், முதலாளி தன் பக்கத்தில் 4,800 உம் 1,200 உம் போட வேண்டும். 3,200ஐக் கழித்துவிட்டுக் கட்டாமல் விடுவது ஒரு வகை. சம்பளத்தை 20,000 என்று காட்டி மிச்சத்தைக் ‘கொடுப்பனவு’ என்று கையில் கொடுப்பது இன்னொரு வகை. ஆகவே முதலாளி காட்டும் மாதப் படிவத்தை மட்டும் பார்க்காதீர்கள். மத்திய வங்கி உறுப்பினருக்கு வழங்கும் கணக்குக் கூற்றைத் தொழிலாளியிடம் கேளுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி 12 மாதத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

‘ஈபிஎஃப் வேண்டாமெண்டு அவரே சொன்னவர்’ என்ற பதில் கட்டாயம் வரும். தொழிலாளி வேண்டாமென்றாலும் முதலாளி கட்டியாக வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் விசாரிக்க வேண்டும். சம்பளப் பதிவில் பெயர் ஏறினால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு வெட்டுப்படும் என்று பயந்திருப்பார். கொடுப்பனவு வருமானத்தைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுவதால் பயம் வெறும் பயமல்ல. முதலாளி அவரைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பி, சமூக சேவை உத்தியோகத்தரோடு கதைத்து, எது எவ்வளவு மாறும் என்று தெளிந்து வர வைத்திருந்தால் அதற்கே புள்ளி கொடுக்கலாம். கையில் கொடுத்து முடித்தவர் இலகுவான வழியைப் பிடித்தவர், அதில் அவருக்கும் மாதம் 15 விழுக்காடு மிச்சம்.

சம்பளத்தின் அடிமட்டம் சட்டத்தில் இருக்கிறது. 2025இல் வந்த திருத்தப்படி தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000. மாற்றுத்திறனாளி என்பதற்காகக் குறைத்துக் கொடுப்பவர்கள் அதைச் சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள். ‘பயிலுநர் கொடுப்பனவு’ என்பார்கள். மூன்று வருடமாகப் பயிலுநர். தங்குமிடம், சாப்பாடு என்று கழிக்கும் இடங்களில் கழித்த பிறகு கைக்கு வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பீடு செய்ய இலகுவான வழி, அதே வேலையைச் செய்யும் உடற்குறை இல்லாத ஒருவரின் சம்பளத் துண்டைப் பக்கத்தில் வைப்பது.

வேலைத்தலத்தில்

பார்க்கப் போகும் குழுவில் ஊன்றுகோலோ சக்கரநாற்காலியோ பயன்படுத்துபவர் ஒருவராவது இருக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணால் பார்த்து ‘எல்லாம் ஓகே’ என்பதை அவர் சக்கரத்தை உருட்டிப் பார்த்து இல்லையென்பார். முதலில் போக வேண்டிய இடம் மலசலகூடம். காரியாலயத்தில் தேநீர் குடித்து, கதைத்து, கடைசியில் மலசலகூடம் கேட்டால் நேரம் போய்விடும். கடையின் பின்வளவில், இரண்டு படி ஏறி, குந்தியிருக்கும் கோப்பை, உள்ளே திறக்கும் கதவு. இதுதான் பொதுவான அமைப்பு. செயற்கைக் கால் போட்டவரால் குந்த முடியாது. கொமட் ஒன்று, சுவரில் ஒரு பிடி, வெளியே திறக்கும் கதவு, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய், இந்த நான்கும் இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். சிறுநீர்த் தொற்றுக்காக லீவு எடுப்பார்கள், அந்த லீவு ‘அடிக்கடி வருத்தக்காரி’ என்ற பெயரில் பதிவாகும்.

அடுத்தது வாசல். வெள்ளத்துக்குப் பயந்து கடைகளின் தளம் உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். சாய்தளத்தின் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் நீளம். தளம் 45 சென்ரிமீற்றர் உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீற்றர் நீளம் வேண்டும். ஏ9 வீதியோரக் கடைகளுக்கு முன்னால் வடிகானுக்கு இந்தப் பக்கம் அவ்வளவு இடம் கிடைக்காது. அதனால் இரண்டு மீற்றரில் செங்குத்தாக ஒன்றைக் கட்டி, சிவப்பு ரிப்பன் வெட்டிவிடுவார்கள். அதில் ஏறினால் நாற்காலி பின்னால் கவிழும். இடமில்லையென்றால் சுவரோடு திருப்பிக் கட்டலாம், திரும்பும் இடத்தில் ஒன்றரை மீற்றர் சமதளம் விட வேண்டும். அல்லது தளம் தாழ்ந்திருக்கும் பக்கவாசலைத் திறந்துவிடலாம். மேற்பரப்பு சொரசொரப்பான சீமெந்தாக இருக்கட்டும். மாபிள் பதித்த சாய்தளம் கார்த்திகை மழையில் சறுக்கும். கதவின் திறந்த அகலம் 80 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது, 90 இருந்தால் கை சுவரில் உரசாது.

வாசலுக்கும் கேற்றுக்கும் இடையிலான முற்றத்தைக் கோடையில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கிரவல் போட்ட முற்றம் யூலையில் சீமெந்து போல இறுகிக் கிடக்கும். நவம்பரில் ஊன்றுகோல் நுனி புதையும், சக்கரம் சுழலும். கேற்றிலிருந்து வாசல்வரை 1.2 மீற்றர் அகலத்தில் கொங்கிரீற் பாதை போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். போட்டிருந்தால் அவர் ஒரு மாரியையாவது அந்த ஆளோடு கழித்தவர்.

வேலை மேசையில் பார்க்க வேண்டியது தொழிலுக்குத் தொழில் மாறும். ஆடைத் தொழிற்சாலையில் ஜூக்கி தையல் மெஷினை எடுத்துக்கொண்டால், வேகம் காலால் மிதிக்கும் பெடலில் இருக்கிறது, துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்குவது வலது முழங்காலால் தள்ளும் நெம்பில் இருக்கிறது. முழங்காலுக்கு மேலே வலது காலை இழந்தவர் அந்த நெம்பைச் செயற்கைக் காலால் தள்ளும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவருக்குத் தெரியாது. பெடலிலும் அதே பிரச்சினை, மெஷின் திடீரென்று பாயும், ஊசி விரலில் ஏறும். பெடலை இடது காலுக்கு நகர்த்தி, வேகத்துக்கு மேலெல்லை வைத்து, பாதம் தானாகத் தூக்கும் மெஷினை அவருக்கு ஒதுக்கினால் முடிந்தது. ஒன்றும் செய்யாமல் ‘அவவுக்கு நூல் வெட்டுற வேலை குடுத்திருக்கிறம்’ என்றால் சம்பளப் படியில் அவர் அங்கேயே நின்றுவிடுவார். நூல் வெட்டும் மேசையில் எத்தனை வருடம் என்று கேளுங்கள்.

செயற்கைக் கால் போட்டவர்களுக்கு வன்னி வெயில் ஒரு தனிப் பிரச்சினை. மிச்சக் கால் நுழையும் சொக்கற்றுக்குள் வியர்க்கும், மதியத்துக்குப் பிறகு காலின் நுனி வீங்கும், தோல் உரியும். காலைக் கழற்றித் துடைத்து, காய்ந்த உறை மாற்றப் பத்து நிமிடமும் மறைவான ஒரு மூலையும் வேண்டும். நாள் முழுக்க நிற்கும் வேலையில் ஒரு உயர ஸ்ரூல் போதும், பல இடத்தில் அதுகூட இல்லை. கால் திருத்தப் போகும் நாளைச் சம்பளமில்லா லீவாக வெட்டுகிறார்களா என்று கேட்க வேண்டும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர் இருந்து வேலை செய்தால் கால் மணிக்கொரு தரம், ஆகக் கூடியது அரை மணிக்கொரு தரம், உடம்பைத் தூக்கி அழுத்தத்தை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புண் வரும். அந்தப் புண்ணுக்கு மாதக்கணக்கில் குப்புறப் படுக்க நேரும். இலக்கு வைத்து எண்ணிக்கை கேட்கும் இடத்தில் இந்த இடைவேளையை இலக்கிலிருந்து கழித்திருக்கிறார்களா என்பதுதான் சோதனை. காது கேளாதவர்கள் இருக்கும் இடத்தில் தீ அபாய மணியோடு சுழலும் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அலைபேசியில் எழுதிக் காட்டிச் சமாளிக்கிறோம் என்பது தற்காலிகம், மேற்பார்வையாளர் நாற்பது ஐம்பது சைகையாவது பழகியிருக்க வேண்டும்.

உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருப்பவர்களை வெளியே பார்த்துத் தெரியாது. பாரம் தூக்கச் சொன்னால் தூக்குவார்கள், இரவில் நோவார்கள். சேரும்போதே ‘என்ன தூக்க ஏலாது’ என்று தனியாகக் கேட்டு எழுதி வைத்திருக்கும் முதலாளி இந்தத் தொழிலை விளங்கியவர்.

தொழிலாளியோடு கதைக்கும்போது முதலாளி பக்கத்தில் இருக்கக் கூடாது, காரியாலயத்திலும் கதைக்கக் கூடாது. பெண்களோடு பெண்கள் கதைக்கட்டும். ‘முதலாளி நல்லவரோ?’ என்று கேட்டால் ஓமென்றுதான் பதில் வரும், அதனால் ஒன்றும் தெரியாது. கடைசியாகச் சம்பளம் கூடினது எப்ப? உங்களுக்குப் பிறகு சேர்ந்தவை இப்ப என்ன வேலையில இருக்கினம்? கிளினிக் நாளிலை லீவு கேட்டால் என்ன சொல்லுவினம்? மழைக்கு எப்பிடி வாறனீங்கள்? இந்த நாலையும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். சொந்தக்காரரை வேலைக்கு வைத்திருக்கும் கடைகளில் இன்னும் கவனம் வேண்டும். மச்சானின் மகனுக்குச் சம்பளம் பதிவில் போனால் சேர்க்கலாம், ‘வீட்டோட இருக்கிறான், சாப்பாடு குடுக்கிறம்’ என்றால் முடியாது.

புள்ளி கொடுப்பதென்றால் நூற்றில் முப்பது எத்தனை காலம் நின்றார்கள் என்பதற்கு, இருபத்தைந்து சம்பளத்துக்கும் பங்களிப்புகளுக்கும், இருபது வேலைத்தல மாற்றங்களுக்கு, பதினைந்து பதவி உயர்வுக்கு. புதிதாக எடுத்ததற்குப் பத்துக்கு மேல் வேண்டாம். சம்பளப் பகுதியில் பாதிக்குக் கீழே போனவர் மற்ற எல்லாவற்றிலும் முழுப் புள்ளி எடுத்தாலும் தகுதியில்லை. குழுவில் பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கட்டும், தொழில் திணைக்களத்தின் உத்தியோகத்தர் ஒருவரும் வேண்டும். நிகழ்வுக்கு அனுசரணை கொடுக்கும் கடை போட்டியில் இருக்க முடியாது. வணிகர் சங்கத் தலைவரும் அந்த வருடம் இருக்க முடியாது. இதைச் சொல்லத் தயங்கினால் இரண்டாம் வருடம் விண்ணப்பமே வராது.

காலம், மேடை, அதன் பிறகு

டிசம்பர் 3இல் கொடுப்பதென்றால் மே மாதம் அறிவிக்க வேண்டும். காலபோக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் எந்த ஆலைக்காரரும் நின்று கதைக்க மாட்டார். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் நடுப்பகுதியில் மடுத் திருவிழா. இடையில் கிடைக்கும் யூன், யூலைதான் வேலைத்தலம் பார்க்க உகந்தது. மழை தொடங்கிய பின், தெரிவுப் பட்டியலில் நிற்பவர்களின் முற்றத்தை மட்டும் நவம்பர் முதல் கிழமையில் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள், சொல்லாமல்.

மண்டபத்தில் மேடைக்குச் சாய்தளம் இருக்கிறதா என்று முதல் நாள் போய் அளந்து பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் தினத்தில் மாற்றுத்திறனாளியை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றுவது இன்னும் நடக்கிறது. சாய்தளம் இல்லையென்றால் எல்லாரையும் கீழே, மேடைக்கு முன்னால் வைத்துக் கௌரவிக்கலாம், பிரதம விருந்தினர் இறங்கி வரட்டும். ஒரு கை உள்ளவரிடம் கனத்த கண்ணாடிக் கேடயத்தை நீட்டிப் படத்துக்குச் சிரிக்கச் சொல்லாதீர்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் மேடை ஓரத்தில் வெளிச்சம் படும் இடத்தில் நிற்க வேண்டும். துணுக்காய், நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத் திரும்பிப் போக பஸ் இருக்கும் நேரத்தில் நிகழ்வு முடிய வேண்டும், உரைகள் அதற்கேற்பக் குறையட்டும். தொழிலாளியின் படத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்க எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

சான்றிதழில் கருணை, இரக்கம், பெருமனது என்று எழுத வேண்டாம். ‘இத்தனை பேர், இத்தனை வருடம், சட்டப்படியான சம்பளத்தில்’ என்று இலக்கத்தில் எழுதினால் வாசிக்கிற மற்ற முதலாளி கணக்குப் போட்டுப் பார்ப்பார். கேடயத்துக்குச் செலவாகும் காசில் அந்த முதலாளி என்ன மாற்றம் செய்தார், எவ்வளவு முடிந்தது, எங்கே சிக்கினார் என்று ஒரு பக்கத்தில் அச்சடித்து மற்றக் கடைகளுக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. பெடலை இடது பக்கம் மாற்ற மெக்கானிக் எவ்வளவு கேட்டார் என்ற தகவலுக்கு அலையும் தையல் கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

சான்றிதழின் காலம் இரண்டு வருடம் என்று அதன் முகத்திலேயே போடுங்கள். முதல் வருட முடிவில் தொலைபேசி அழைப்பு தொழிலாளிக்குப் போக வேண்டும், முதலாளிக்கு அல்ல. ஆள் வேலையை விட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். திருமணம், இடமாற்றம், வேறு நல்ல வேலை என்றால் சரி. பங்களிப்பு நின்றுவிட்டது, கொடுத்த மெஷினைத் திருப்பி எடுத்துவிட்டார்கள் என்றால் மீண்டும் போய்ப் பார்த்து, உண்மையானால் சான்றிதழைத் திரும்ப வாங்க வேண்டும். அப்படி வாங்கலாம் என்ற வரியை விண்ணப்பப் படிவத்திலேயே சேர்த்து, அதன் கீழே முதலாளியின் கையொப்பத்தை ஆரம்பத்தில் எடுத்து வைக்காவிட்டால், பிறகு கேட்கப் போகிறவருக்கு அந்தக் கடையில் தேநீர்கூடக் கிடைக்காது.